‘தி க்ரூசிபிள்’: படத்தில் இருப்பதும் நீதிமன்ற ஏட்டில் இருப்பதும்

கேள்வி இது: “1996-ல் வந்த ‘தி க்ரூசிபிள்’ படம் பார்த்தேன். காதலில் ஏமாந்த ஒரு பெண் பொய் சொல்கிறாள், கூட இருக்கும் சிறுமிகள் சேர்ந்து கத்துகிறார்கள், அதை நம்பி ஓர் ஊரே தன் சொந்த ஜனங்களைத் தூக்கில் போடுகிறது. நிஜமாகவே இப்படித்தான் நடந்ததா? படித்த நீதிபதிகள் இதை எப்படி நம்பினார்கள்? மாஸ் ஹிஸ்டீரியா என்பது இதுதானா?”

பெயர்களும் பெரும்பாலான சம்பவங்களும் நிஜம். காதல் கதை கற்பனை. கடைசிக் கேள்விக்கு ஆம், இல்லை இரண்டும் சொல்லலாம். அந்தச் சிறுமிகளுக்கு வந்ததை ஹிஸ்டீரியா என்று சொல்வதில் தப்பில்லை. ஆனால் சிறுமிகளின் கூச்சல் மட்டும் ஒருவரையும் கொன்றிருக்காது. புகாரில் கையெழுத்துப் போட்டவர்கள், அதை ஏற்றுக்கொண்ட மாஜிஸ்திரேட்டுகள், ‘ஒப்புக்கொண்டால் உயிர், மறுத்தால் கயிறு’ என்று ஆகிப்போன ஒரு விசாரணை முறை, இவை இல்லாமல் அது நடந்திருக்காது. படம் இதில் பாதியை அருமையாகக் காட்டுகிறது, மீதிப் பாதியை ஒரு பெண்ணின் பொறாமைக்குப் பின்னால் ஒளித்துவிடுகிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இடம் இங்கிலாந்தின் அமெரிக்கக் காலனியான மாசசூசெட்ஸ் (நம்ம மாம்பழச் சேலம் இல்லை). சேலம் துறைமுக நகரத்தை ஒட்டி, விவசாயிகள் வாழ்ந்த சேலம் கிராமத்தில்தான் தொடங்கியது. அந்தக் கிராமத்துக்கு இன்றைய பெயர் டேன்வர்ஸ். 1692 ஜனவரியில் போதகர் சாமுவேல் பாரிஸ் வீட்டில், அவருடைய ஒன்பது வயது மகள் பெட்டிக்கும் உறவுக்காரச் சிறுமி அபிகெய்ல் வில்லியம்ஸுக்கும் உடம்பு முறுக்கிக்கொண்டு வலிப்பு மாதிரி வர ஆரம்பித்தது. பிப்ரவரி 29 அன்று முதல் புகார். அடுத்த சில மாதங்களில் 150 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். அதில் பதினான்கு பேர் பெண்கள். ஒருவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே செத்தார்கள். யாரையும் எரிக்கவில்லை. ஐரோப்பாவின் சில நாடுகளில் சூனியத்தை மத விரோதமாகப் பார்த்து எரித்தார்கள். ஆங்கிலேயச் சட்டத்தில் அது பெருங்குற்றம், தண்டனை தூக்கு.

இனி அந்தக் காதல் கதை. படத்தில் வினோனா ரைடர் நடிக்கும் அபிகெய்ல் வளர்ந்த பெண். ஜான் ப்ராக்டராக வரும் டேனியல் டே லூயிஸ் நடுத்தர வயது விவசாயி. நிஜ அபிகெய்லுக்கு அப்போது பதினொன்று அல்லது பன்னிரண்டு வயது. நிஜ ப்ராக்டர் அறுபதை ஒட்டியவர், சாலையோரத்தில் மதுக்கடையுடன் சேர்ந்த விடுதி நடத்தியவர். எலிசபெத் அவருடைய மூன்றாவது மனைவி. அபிகெய்ல் அவர்கள் வீட்டில் வேலை பார்த்ததாகவோ அவர்களுக்குள் ஏதோ இருந்ததாகவோ எந்த ஏட்டிலும் இல்லை. ப்ராக்டர் வீட்டு வேலைக்காரி மேரி வாரன்தான். அவளுக்குத்தான் இருபது வயது.

அப்படியானால், இந்தப் படத்துக்கு மூலமான நாடகத்தை எழுதிய ஆர்தர் மில்லருக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? அவரே சொல்லியிருக்கிறார். 1692 ஏப்ரலில் எலிசபெத் ப்ராக்டரை விசாரித்தபோது எழுதிய குறிப்பில் ஓர் இடம் உண்டு. அபிகெய்ல் அவளை அடிக்கக் கையை ஓங்குகிறாள். முஷ்டியாக ஓங்கிய கை, கிட்டே வர வர விரிந்து, எலிசபெத்தின் தலைத்துணியை விரல் நுனியால் லேசாகத் தொடுகிறது. உடனே ‘என் விரல், என் விரல், விரல் எரிகிறது’ என்று அலறுகிறாள். பழைய ஏட்டில் இந்த நாலு வரியைப் படித்த நாடகக்காரர், இதற்குள் ஒரு பெண்ணின் குற்ற உணர்வும் ஆசையும் இருப்பதாகக் கண்டார். நாடகக்காரர் கண்ணுக்கு அது சரி. வரலாற்றுக்காரர் கண்ணுக்கு, அது அன்றைய அறையில் எல்லாச் சிறுமிகளும் செய்துகொண்டிருந்ததில் ஒன்று, அவ்வளவுதான்.

படம் தொடங்கும் காட்டு நடனமும் அப்படித்தான். இரவில் பெண்கள் கொப்பரையைச் சுற்றி ஆடுவதற்கு ஏட்டில் ஆதாரமே கிடையாது. நாடகத்தில் அதை யாரோ சொல்லித்தான் கேட்கிறோம், கண்ணால் பார்ப்பதில்லை. படத்தில் முதல் காட்சியாகவே காட்டிவிட்டார்கள். அது நல்ல முடிவு இல்லை என்பது என் அபிப்பிராயம். ‘என்ன நடந்திருக்கும்’ என்ற சந்தேகம்தான் அந்த ஊரைப் பிடித்து ஆட்டியது. பார்வையாளருக்கு அந்தச் சந்தேகம் முதல் ஐந்து நிமிடத்திலேயே போய்விடுகிறது.

நிஜத்தில் நடந்த மாயம் மந்திரம் ரொம்பச் சின்னது. ஒரு பெண், வரப்போகும் புருஷன் என்ன தொழில் செய்வான் என்று பார்க்க, கண்ணாடிக் கோப்பையில் முட்டை வெள்ளைக்கருவை விட்டுப் பார்த்தாளாம். சவப்பெட்டி வடிவம் தெரிந்ததாம். இன்னொன்று, பக்கத்து வீட்டு மேரி சிப்லி சொன்ன யோசனை. நோயாளிச் சிறுமிகளின் மூத்திரத்தை ரை என்ற தானியத்தின் மாவில் பிசைந்து ரொட்டி சுட்டு நாய்க்குப் போட்டால், சூனியம் வைத்தவள் யாரென்று தெரிந்துவிடும். அதைச் செய்தவர்கள் பாரிஸ் வீட்டு அடிமைகளான டிட்டுபாவும் ஜான் என்பவரும். யோசனை சொன்ன மேரி சிப்லிக்குச் சபையில் ஒரு கண்டிப்பு, அதோடு சரி. டிட்டுபாவுக்குச் சிறை.

டிட்டுபாவைப் படம் கறுப்பினப் பெண்ணாகக் காட்டுகிறது. நீதிமன்ற ஏடு அவளை ‘இந்தியப் பெண்’ என்றே குறிக்கிறது, அதாவது அமெரிக்கப் பூர்வகுடி. அவள் தந்த வாக்குமூலம்தான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. கருப்பு நாய், மஞ்சள் பறவை, கருப்பு உடுப்புப் போட்ட பாஸ்டன்காரன், அவன் கையில் ஒரு புத்தகம், அதில் ஒன்பது கையெழுத்து. இந்த ஒன்பதைக் கவனியுங்கள். பிடிபட்டவர்கள் மூன்று பேர்: டிட்டுபா, பிச்சை எடுத்துப் பிழைத்த சாரா குட், நோயாளியான சாரா ஆஸ்போர்ன். அப்படியானால் மீதி ஆறு பேர் யார்? ஊர் அதைத் தேட ஆரம்பித்தது. போதகர் தன்னை அடித்துத்தான் அப்படிச் சொல்ல வைத்தார் என்று டிட்டுபா பிற்பாடு சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான இடம். சிறுமிகள் போய்ப் புகார் கொடுக்க முடியாது. சட்டப்படி வயது வந்த ஓர் ஆண் மாஜிஸ்திரேட் முன்னால் வந்து கையெழுத்துப் போட வேண்டும். முதல் புகாரில் நான்கு ஆண்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவர் தாமஸ் புட்னம். படத்தில் நில ஆசை பிடித்தவராக வருபவர் இவர்தான். பிறகு வந்த வாக்குமூலங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை இவர் கைப்பட எழுதியவை. ‘பயங்கரமாகச் சித்திரவதை செய்தாள்’ என்ற ஒரே மாதிரி வாசகம் பல சாட்சிகளின் வாயில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொருவர் தாமஸ் பிரெஸ்டன். இவர் ரெபெக்கா நர்ஸின் மருமகன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவருடைய மாமியாரையே கைது செய்துவிட்டார்கள். நாலு ஏழைப் பெண்களோடு முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார், வேறென்ன.

கைதானவர்களை விசாரித்தவர் ஜான் ஹாத்தார்ன். அவர் கேள்வி கேட்ட விதத்தைப் பார்த்தால் மீதி தானாகப் புரியும். ‘நீ சூனியம் செய்தாயா?’ என்று அவர் தொடங்குவதில்லை. ‘எந்தக் கெட்ட ஆவியோடு உனக்குப் பழக்கம்? ஏன் இந்தப் பிள்ளைகளைத் துன்புறுத்துகிறாய்?’ என்றுதான் கேட்பார். நான் செய்யவில்லை என்றால், ‘அப்படியானால் யார் செய்தது?’ என்பார். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? சாரா குட் தப்பிக்கப் பார்த்து சாரா ஆஸ்போர்னைக் கைகாட்டினாள்.

அடுத்து, ஆவியுருச் சாட்சியம். ‘இந்த அம்மாவின் உருவம் ராத்திரி என் படுக்கைக்கு வந்து கிள்ளியது’ என்று ஒருவர் சொன்னால் அது சாட்சியம். அந்த நேரத்தில் அந்த அம்மா வீட்டில் படுத்துத் தூங்கியதை நாலு பேர் பார்த்திருந்தாலும் பிரயோஜனமில்லை, வந்தது உருவம்தானே. தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டனின் தர்க்கம் இது: ஒரு நிரபராதியின் உருவத்தை எடுக்கப் பிசாசை ஆண்டவர் அனுமதிக்க மாட்டார்; ஆகவே உருவம் வந்தது என்றாலே அந்த ஆள் பிசாசோடு ஒப்பந்தம் போட்டவர். இந்த ஒரு படியை ஏற்றுக்கொண்டுவிட்டால் மற்றதெல்லாம் கணக்குப் போட்ட மாதிரி ஒழுங்காக வரும். ஹார்வர்டில் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்கும் போய்வந்தவர் ஸ்டௌட்டன். ஆனால் படித்தது இறையியல். அந்த அமர்வில் இருந்த நீதிபதிகளில் முறையாகச் சட்டம் பயின்றவர் ஒருவரும் இல்லை. ‘படித்தவர்கள் எப்படி நம்பினார்கள்’ என்று கேட்டீர்களே, படித்ததால்தான் நம்பினார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. சந்தேகப்பட்டுப் பேசியவர்களில் பலர் மதுக்கடைக்காரர் ப்ராக்டரைப் போன்ற சாதாரண ஆட்கள்.

படத்தில் பால் ஸ்கோஃபீல்ட் நடிக்கும் நீதிபதி டான்ஃபோர்த் உண்மையில் ஸ்டௌட்டனின் சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறார். நிஜ தாமஸ் டான்ஃபோர்த் ஏப்ரல் விசாரணை ஒன்றில் உட்கார்ந்தவர், ஆனால் தூக்குத் தண்டனை விதித்த அந்தச் சிறப்பு நீதிமன்றத்தில் அவர் உறுப்பினரே இல்லை. பாவம், மூன்று நூற்றாண்டு கழித்துப் பெயர் கெட்டுப்போனது அவருக்கு. ஸ்கோஃபீல்டின் நடிப்பு மட்டும் அபாரம். அந்த ஆள் கொடுமைக்காரனாக இல்லை, நியாயவானாக இருக்கிறான். அதுதான் பயம் தருகிறது.

ஸ்டௌட்டன் எப்படிப்பட்டவர் என்பதற்கு ரெபெக்கா நர்ஸ் வழக்கு போதும். எழுபத்தொரு வயதுப் பாட்டி, ஊரே மதித்த பக்தை. முப்பத்தொன்பது பேர் அவருக்கு ஆதரவாக மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ஜூரி ‘குற்றமில்லை’ என்றே தீர்ப்புச் சொன்னது. உடனே சிறுமிகள் கூச்சல் போட்டார்கள். ஸ்டௌட்டன் ஜூரியைப் பார்த்து, அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தையைச் சரியாகக் கவனித்தீர்களா என்று கேட்டார். வழக்கில் சாட்சி சொல்ல வந்த ஒரு கைதியைப் பார்த்து ‘இவளும் எங்களில் ஒருத்தியாச்சே’ என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ‘எங்களைப் போல சிறையில் இருப்பவள்’ என்ற பொருளில் சொன்னது. ஜூரி திரும்பப் போய் அவரிடமே விளக்கம் கேட்டது. காது மந்தமான அந்த அம்மாவுக்குக் கேள்வி விழவில்லை, பதில் வரவில்லை. இரண்டாவது தீர்ப்பு, குற்றவாளி. ஜூலை 19 அன்று தூக்கு.

இங்கே இன்னொன்றும் தெரிய வேண்டும். 1684-லேயே மாசசூசெட்ஸின் பழைய சாசனம் (இங்கிலாந்து அரசர் தந்த ஆட்சி உரிமைப் பத்திரம்) ரத்தாகிவிட்டது. புதிய சாசனத்தோடு ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் வந்து சேர்ந்தது 1692 மே மாதம்தான். அதுவரை கைது செய்யலாம், சிறையில் போடலாம்; மரண தண்டனை வழக்கை நடத்தச் சட்டப்படியான நீதிமன்றமே இல்லை. சிறை நிரம்பி வழிந்தது. சாரா குட்டின் நாலைந்து வயது மகளைக்கூடச் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். ஃபிப்ஸ் வந்து அவசரமாகச் சிறப்பு நீதிமன்றம் அமைத்தார். முதல் தூக்கு, ஜூன் 10, பிரிட்ஜெட் பிஷப். அதைப் பார்த்துவிட்டு நதானியேல் சால்டன்ஸ்டால் என்ற நீதிபதி பதவியை விட்டு விலகினார். சில நாளில் பாஸ்டன் போதகர்கள் ஓர் ஆலோசனைக் கடிதம் கொடுத்தார்கள். ஆவியுருச் சாட்சியத்தில் ஜாக்கிரதை தேவை என்று அதில் நிறையச் சொல்லிவிட்டு, கடைசிப் பத்தியில் ‘ஆனாலும் விரைவாகவும் ஊக்கமாகவும் வழக்கை நடத்துங்கள்’ என்று முடித்தார்கள். நீதிபதிகளுக்குக் கடைசிப் பத்தி போதுமாக இருந்தது.

ஒப்புக்கொண்டால் உயிர் என்றேன். சட்டப்படி ஒப்புக்கொண்டவர்களும் சாக வேண்டியவர்கள்தான். ஆனால் மற்றவர்களைக் காட்டிக்கொடுக்க அவர்கள் தேவைப்பட்டார்கள், அதனால் தள்ளித் தள்ளி வைத்தார்கள். கோடை முடிவதற்குள் எல்லோருக்கும் இது புரிந்துவிட்டது: ஒப்புக்கொண்டு அதிலேயே நின்ற ஒருவரும் தூக்குமேடை ஏறவில்லை. ஐம்பது பேருக்கு மேல் ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு ஒப்புதலும் சும்மா வராது, கூடப் பெயர்களைக் கொண்டு வரும். பக்கத்து ஊரான ஆண்டோவரில் பிள்ளைகள் அம்மாவையும் பாட்டியையும் காட்டிக்கொடுத்தார்கள். சேலம் கிராமத்தைவிட அதிகம் பேர் சிக்கியது அந்த ஊரில்தான். சாமுவேல் வார்ட்வெல் என்பவர் ஒப்புக்கொண்டார், பிறகு மனசாட்சி கேட்காமல் நான் சொன்னது பொய் என்றார். செப்டம்பர் 22 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

மார்கரெட் ஜேக்கப்ஸ் என்ற பதின்வயதுப் பெண்ணின் கதையை யாராவது தனியாகப் படம் எடுக்கலாம். பயத்தில் ஒப்புக்கொண்டு, சொந்தத் தாத்தா ஜார்ஜ் ஜேக்கப்ஸையும் ஜார்ஜ் பர்ரோஸ் என்ற போதகரையும் காட்டிக்கொடுத்தாள். பிறகு தாங்க முடியாமல் சொன்னதைத் திரும்ப வாங்கினாள். அவர்களைத் தூக்கிலிடுவதற்கு முன்பே வாங்கியும் நீதிமன்றம் கேட்கவில்லை. தாத்தா அவளை மன்னித்து, அவளுக்கும் கொஞ்சம் பணம் எழுதிவைத்துவிட்டுச் செத்தார். விசாரணை நாளில் உடம்பு சரியில்லாமல் போனதால்தான் அவள் பிழைத்தாள்.

சரி, சிறுமிகளுக்கு நிஜமாகவே என்ன ஆயிற்று? 1976-ல் லிண்டா கேப்ரேல் என்ற ஆய்வாளர், ரை தானியத்தில் வரும் எர்காட் பூஞ்சையைக் காரணமாகச் சொன்னார். நம்மூர்க் கம்பில் தேன் ஒழுகல் நோயைக் கொண்டுவரும் பூஞ்சைக்கு அது பங்காளி. வலிப்பு, தோலில் ஊர்வது போன்ற உணர்வு, மாயக் காட்சி எல்லாம் அதில் வரும். கேட்க வசதியான விளக்கம், இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. ஆனால் அதே வருடமே வேறு இருவர் அதை மறுத்துவிட்டார்கள். ஒரே ரொட்டியைச் சாப்பிட்ட வீட்டில் மற்றவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? குற்றம் சாட்டப்பட்டவர் அறைக்குள் வந்ததும் வலிப்பு வருவதும், அவர் தொட்டதும் நிற்பதும் எந்தப் பூஞ்சையில் நடக்கும்? நர்ஸ் விசாரணையில் அவர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார். ஒரு பெண்ணின் கழுத்தும் அதே பக்கம் கோணிக்கொண்டது. ‘அந்த அம்மாவின் தலையை நிமிர்த்துங்கள், இல்லாவிட்டால் இவள் கழுத்து ஒடிந்துவிடும்’ என்று அபிகெய்ல் கத்தினாள். நிமிர்த்தினார்கள், இவளுக்கும் சரியானது. அது விஷத்தின் வேலை இல்லை.

ஹிஸ்டீரியா விளக்கம் இங்கேதான் பொருந்துகிறது. தாங்க முடியாத பயத்தை மனசு உடம்பின் வழியாக வெளியே தள்ளுகிறது. அது பார்ப்பவருக்கும் தொற்றுகிறது. எப்படி வெளிப்பட வேண்டும் என்பதை ஊரின் நம்பிக்கை சொல்லிக்கொடுக்கிறது. சொல்லிக்கொடுக்கப் பாடமும் தயாராக இருந்தது. 1688-ல் பாஸ்டனில் குட்வின் என்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதே மாதிரி வந்து, குளோவர் என்ற அயர்லாந்துக் கிழவியைத் தூக்கிலிட்டார்கள். பாஸ்டன் போதகர் காட்டன் மேதர் அதை விவரமாக எழுதிப் பதிப்பித்திருந்தார். பயத்துக்கும் காரணம் இருந்தது. வடக்கே மெய்ன் எல்லையில் பிரெஞ்சுக்காரர்களோடும் அவர்கள் பக்கம் இருந்த பூர்வகுடிகளோடும் சண்டை. மெர்சி லூயிஸ் என்ற பெண் அங்கே தாக்குதலில் பெற்றோரை இழந்து, புட்னம் வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள். ஒரு காலத்தில் அவள் வேலை பார்த்தது மெய்னில் போதகராக இருந்த பர்ரோஸ் வீட்டில். அந்த பர்ரோஸைத்தான் சூனியக்காரர்களின் தலைவன் என்றார்கள். மேரி பெத் நார்ட்டன் என்ற வரலாற்றாசிரியர் இந்தப் போர்த் தொடர்பைத்தான் அழுத்திச் சொல்கிறார். படத்தில் இது பெயருக்குத்தான் தொட்டுப் போகிறது. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

ஆனால் எல்லாமே ஹிஸ்டீரியா என்றும் சொல்ல முடியாது. மார்ச் 28 அன்று இங்கர்சால் விடுதியில் ஒரு சிறுமி எலிசபெத் ப்ராக்டரின் உருவம் தெரிவதாகக் கத்தினாள். விடுதிக்காரம்மா பொய் சொல்லாதே என்று அதட்டினார். அவள், ‘விளையாட்டுக்குத்தான் சொன்னேன், எங்களுக்கும் பொழுது போக வேண்டாமா’ என்றாள். இதைக் கேட்டவர்கள் எழுதிக் கொடுத்த சாட்சியம் இன்றும் இருக்கிறது. மேரி வாரனுக்கும் வலிப்பு வந்தது. ப்ராக்டர் அவளை நூல் ராட்டையின் முன்னால் உட்காரவைத்து, இனி வந்தால் உதை என்று மிரட்டினார், நின்றுபோனது. பிறகு அவள், மற்றவர்கள் நடிக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினாள். உடனே அவள் மேலேயே குற்றம் திரும்பியது. சிறையில் போட்டுக் கேள்விமேல் கேள்வி கேட்டதும் மறுபடியும் கூட்டத்தில் சேர்ந்து, எஜமானரையே காட்டிக்கொடுத்தாள். படத்தில் மஞ்சள் பறவை காட்சியில் மேரி உடைந்துபோவது இதை அப்படியே பிழிந்து எடுத்தது. மிகையாகத் தெரிந்தாலும் அந்தக் காட்சி வரலாற்றுக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறது.

கைல்ஸ் கோரி விஷயமும் நிஜம். எண்பது வயதுக் கிழவர். இந்த நீதிமன்றம் என்னை விசாரிக்க நான் ஒப்பமாட்டேன் என்று வாய்மூடி நின்றார். அப்படி நின்றால் பேசும் வரை நெஞ்சில் கல்லேற்றுவது பழைய ஆங்கிலேய முறை. செப்டம்பர் 19 அன்று செத்தார். ‘இன்னும் பாரம் ஏற்று’ என்று அவர் சொன்னதாக வருவது பரம்பரையாகச் சொல்லப்படும் கதை. படத்தில் அவர் தகவல் சொன்ன நண்பரின் பெயரைக் காட்டிக்கொடுக்க மறுப்பதால் சாகிறார். அது 1950-களின் கவலை. மில்லர் நாடகத்தை எழுதிய 1952-ல், கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் அவருடைய நண்பர், இயக்குநர் எலியா கசான், பழைய தோழர்களின் பெயர்களைச் சொல்லியிருந்தார். நாடகம் 1953 ஜனவரியில் மேடையேறியது. 1956-ல் மில்லரையே அழைத்தார்கள். அவர் பெயர் சொல்ல மறுத்தார், அவமதிப்புக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார், 1958-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. ஒப்புக்கொள், இன்னும் நாலு பேரைச் சொல், வீட்டுக்குப் போ என்ற முறை இரண்டு இடத்திலும் ஒன்றே என்பதைப் பிடித்ததுதான் அவர் சாதனை. 1996 படத்துக்குத் திரைக்கதையும் அவரே எழுதினார். இயக்கியவர் நிக்கோலஸ் ஹைட்னர்.

கடைசிக் காட்சியில் ப்ராக்டர், ரெபெக்கா நர்ஸ், கைல்ஸ் கோரியின் மனைவி மார்த்தா கோரி மூவரும் ஒன்றாகப் பரமண்டல ஜெபம் சொல்லிக்கொண்டே சாகிறார்கள். நிஜத்தில் மூவரும் வேறு வேறு மாதத்தில் தூக்கிலிடப்பட்டவர்கள்: நர்ஸ் ஜூலையில், ப்ராக்டர் ஆகஸ்ட் 19, மார்த்தா கோரி செப்டம்பர் 22. ஜெபத்தைப் பிழையில்லாமல் சொன்னவர், ப்ராக்டரோடு அதே நாளில் செத்த பர்ரோஸ். சூனியக்காரரால் அதைச் சொல்ல முடியாது என்பது அன்றைய நம்பிக்கை. கூட்டம் கலங்கிப்போனது. குதிரைமேல் இருந்த காட்டன் மேதர் பேசித்தான் அதை அடக்கினார். அப்புறம், பலர் பொய்யாக ஒப்புக்கொள்ள மறுத்ததால் வேட்டை நின்றது என்று படத்தின் இறுதியில் எழுத்தில் வருகிறது. உண்மை கிட்டத்தட்ட நேர் எதிர். செப்டம்பரில் ஒப்புக்கொண்டவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருந்தது. வேட்டை நின்றதற்குக் காரணம், குற்றச்சாட்டு பெரிய வீடுகளுக்குள் நுழைந்தது. ஆளுநரின் மனைவி பெயரே அடிபட்டது. அக்டோபர் தொடக்கத்தில் காட்டன் மேதரின் அப்பாவும் போதகருமான இன்க்ரீஸ் மேதர், ஒரு நிரபராதி சாவதைவிடப் பத்து சூனியக்காரர்கள் தப்புவது மேல் என்று எழுதினார். அந்த மாதக் கடைசியில் ஃபிப்ஸ் நீதிமன்றத்தைக் கலைத்தார். ஆவியுருச் சாட்சியம் இல்லாமல் 1693-ல் புது நீதிமன்றம் உட்கார்ந்தபோது மூன்று பேர்தான் குற்றவாளி ஆனார்கள். அவர்களுக்கும் மன்னிப்பு கிடைத்தது.

படம் தொடாத ஒரு பகுதி, பின்னால் நடந்தது. எலிசபெத் ப்ராக்டர் கர்ப்பமாக இருந்ததால் தூக்கு தள்ளிப்போய் உயிர் பிழைத்தார். பிள்ளை பிறந்த பிறகு அவரையும் தூக்கிலிட ஸ்டௌட்டன் உத்தரவு போட்டார். ஃபிப்ஸ் தடுத்ததும் கோபத்தில் எழுந்து போனார். வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. விசாரணை முடிவதற்கு முன்பே ஷெரிஃப் ஜார்ஜ் கார்வின் வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போய், பீர் பீப்பாயைக் கவிழ்த்து, அடுப்பில் இருந்த கஞ்சியைக் கொட்டிவிட்டுச் சட்டியையும் எடுத்துப் போயிருந்தார். கணவர் சிறையில் எழுதிய உயிலில் எலிசபெத்துக்குப் பங்கு இல்லை. மரண தண்டனை பெற்றதால் எலிசபெத் சட்டப்படி செத்தவர், அவருக்கு உரிமை கிடையாது என்றார்கள் மூத்த தாரத்துப் பிள்ளைகள். இதைச் சொல்லி 1696-ல் அவர் கொடுத்த மனு இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டவர்களும் உண்டு. 1697-ல் நீதிபதி சாமுவேல் சீவால் பாஸ்டன் தேவாலயத்தில் சபை முன்னால் எழுந்து நின்று, தன் குற்றத்தைப் போதகர் வாசிக்கக் கேட்டார். 1706-ல் ஆன் புட்னம், தாமஸ் புட்னத்தின் மகள், தன் சபையில் அதையே செய்தார். ஸ்டௌட்டன் கடைசிவரை கேட்கவில்லை. 1711-ல் காலனி அரசு 578 பவுண்டு 12 ஷில்லிங் இழப்பீடு ஒதுக்கியது. ப்ராக்டர் குடும்பத்துக்கு 150 பவுண்டு. சாரா குட்டின் கணவர் வில்லியம் குட்டுக்கு 30 பவுண்டு. ‘இவள் சூனியக்காரியாக இருப்பாளோ என்று பயமாக இருக்கிறது’ என்று மனைவிக்கு எதிராகச் சொன்னவரும் இவர்தான்.

இன்னும் ஆழமாகப் போக ஆசை இருந்தால் விசாரணை ஏடுகளையே படிக்கலாம். வர்ஜீனியா பல்கலைக்கழகம் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பழைய ஆங்கிலம்தான், எழுத்துக்கூட்டலும் கோணலாக இருக்கும், ஆனால் கேள்வி பதிலாக இருப்பதால் நாடகம் மாதிரி ஓடும். 1692 மார்ச் 24, ரெபெக்கா நர்ஸ் விசாரணையிலிருந்து தொடங்குங்கள். அதற்கடுத்து மேரி வாரன். ப்ராக்டர் ஜூலை 23 அன்று சிறையிலிருந்து பாஸ்டன் போதகர்களுக்கு எழுதிய கடிதத்தை விட்டுவிடாதீர்கள். தன் மகனைக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி, மூக்கில் ரத்தம் வரும்வரை வைத்து ஒப்புக்கொள்ளச் சொன்னதை அதில் எழுதியிருக்கிறார். வழக்கை பாஸ்டனுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் நீதிபதிகளையாவது மாற்றுங்கள் என்பதுதான் அவர் கேட்டது.